தனியார் மருத்துவமனை நர்ஸ் சங்கத்தில் சேரலாமா? சேர்ந்தவர்கள் சொல்லுங்கள்

கோவை_சர்ஜிகல்வார்டு:

எல்லாருக்கும் வணக்கம். பிஎஸ்சி நர்சிங் முடித்துவிட்டு கோவையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் சர்ஜிகல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். கூட வேலை பார்க்கும் சிஸ்டர் ஒருவர் டிஎன்ஏஐ (இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம்) ஆயுள் உறுப்பினர் படிவம் கொண்டுவந்து கொடுத்தார். அதே சமயம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் தனியார் நர்ஸ்களுக்குத் தொழிற்சங்கம் தொடங்கப்போகிறோம், பெயர் கொடுங்கள் என்று பேச்சு ஓடுகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எங்கள் வார்டில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை, எனக்கும் முழுசாகத் தெரியாது.

சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை நைட் டூட்டி. முப்பது படுக்கைக்கு இரண்டு பேர். அன்றைக்கு ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள், அவர்களுக்கு டிரெய்ன் (காயத்திலிருந்து நீர் வடியும் குழாய்) பார்க்க வேண்டும், வைட்டல்ஸ் (பிபி, நாடி, காய்ச்சல்) எடுக்க வேண்டும், பத்து மணி மருந்து முடிவதற்குள் பன்னிரண்டு மணி ஆன்டிபயாடிக் வந்துவிடும். ஒரு நோயாளியை ஐசியுவுக்கு மாற்ற வேண்டியிருந்தால் ஒரு ஸ்டாஃப் கூடப் போய்விடுவார், வார்டில் மிச்சம் ஒரே ஆள். இன்சார்ஜ் மேடத்திடம் சொன்னால் "எனக்கும் தெரியும்மா, மேலே கேட்டால் ஆள் இல்லை என்கிறார்கள்" என்பார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரும் நடுவில் மாட்டிக்கொண்டவர்தான்.

பயம் என்னவென்றால், சங்கத்தில் பெயர் இருப்பது எச்ஆருக்குத் தெரிந்தால் அனுபவச் சான்றிதழில் கை வைப்பார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வெளிநாட்டுக்கு அப்ளை பண்ணும் எண்ணம் இருக்கிறது, அதற்கு இங்கிருந்து வெரிஃபிகேஷன் போயாக வேண்டும். வீட்டுக்காரரும் "நமக்கெதற்கு" என்கிறார். சேர்ந்தவர்கள் உண்மையில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். ஏதாவது மாறியதா?

மதுரை_எம்ஆர்பி_அக்கா:

மாறியது தங்கச்சி. நான் அரசுப் பக்கம், 2015 எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி வந்தவள். தேர்வு வைத்துத்தான் எங்களை எடுத்தார்கள், ஆனால் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். இரண்டு வருஷம் முடிந்தும் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துப் படுக்கையில் அதே ஊசி போடும் நிரந்தர சிஸ்டர் எங்களைப்போலப் பல மடங்கு வாங்குவார், வேலை ஒன்றேதான்.

2017 நவம்பர் கடைசியில் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் வந்து சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் போராட்டமாக உட்கார்ந்தோம். கைக்குழந்தையோடு வந்தவர்கள் இருந்தார்கள். உயர்நீதிமன்றம் உடனே வேலைக்குத் திரும்பச் சொன்னது, திரும்பினோம். தோற்றுவிட்டோம் என்று அன்றைக்கு நிறையப் பேர் அழுதார்கள். ஆனால் அந்த உட்கார்தலுக்கு அப்புறம்தான் 7,700 என்கிற தொகை ஊருக்கே தெரிந்தது, கோர்ட்டிலும் அந்தக் கேள்வி எழுந்தது. பிறகு 14,000 ஆனது, அப்புறம் 18,000. கொஞ்சம் கொஞ்சமாக நிரந்தரமும் வந்துகொண்டிருக்கிறது. எல்லாருக்கும் வரவில்லை, இன்னும் தொகுப்பூதியத்தில் இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன்.

மகப்பேறு விடுப்பையும் சொல்ல வேண்டும். தொகுப்பூதிய நர்ஸ்களுக்குச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு கிடையாது என்றுதான் வைத்திருந்தார்கள். எங்கள் சங்கம் வழக்குப் போட்டது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் மகப்பேறு பயன் சட்டம்தான் மேலே என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. இதைத் தனி ஆளாக எந்த நர்ஸ் போய்க் கேட்டிருப்பாள்? வக்கீல் ஃபீஸுக்கே ஒரு மாதச் சம்பளம் போதாது. ஆயிரக்கணக்கானவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டதால்தான் முடிந்தது.

ஓய்வுபெற்ற_சூப்பரின்டெண்டென்ட்:

கோவைப் பிள்ளைக்கு. டிஎன்ஏஐ என்பது இன்று நேற்று வந்தது இல்லை, 1908ல் தொடங்கியது. 1912லேயே உலகச் செவிலியர் கவுன்சிலில் இடம் வாங்கிய அமைப்பு. இந்தியாவில் நர்ஸ் என்றால் யார், அவளுக்கு என்ன படிப்பு வேண்டும், யார் பதிவு செய்ய வேண்டும் என்றெல்லாம் பேச ஆள் இல்லாத காலத்தில் பேசியவர்கள் அவர்கள். நீங்கள் படிக்கும்போது எஸ்என்ஏவுக்குச் சந்தா கட்டியிருப்பீர்கள், அது 1929ல் இவர்கள் தொடங்கிய மாணவர் பிரிவுதான். நிறையப் பிள்ளைகளுக்கு எஸ்என்ஏ என்றால் பாட்டுப் போட்டியும் கோலப் போட்டியும்தான் ஞாபகம். கல்லூரிகள் அதை அப்படி நடத்தியது வருத்தமான விஷயம்.

தனியார் நர்ஸ் சம்பளத்துக்காக 2011ல் உச்சநீதிமன்றம் போனதும் டிஎன்ஏஐதான். 2016 ஜனவரி 29 அன்று நீதிமன்றம் மத்திய அரசைக் கமிட்டி போடச் சொன்னது. 200 படுக்கைக்கு மேல் இருக்கும் மருத்துவமனை மாநில அரசு நர்ஸுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும், 100 முதல் 200 வரை என்றால் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50க்குக் கீழே எவ்வளவு சின்னதானாலும் 20,000க்குக் குறையக் கூடாது என்று அந்தக் கமிட்டி சொன்னது. இன்றைக்கு எந்த நர்ஸ் சம்பளப் பேச்சை எடுத்தாலும் கையில் இருக்கும் காகிதம் அதுதான். கத்தாமல், வேலையை நிறுத்தாமல் கிடைத்த காகிதம்.

நெல்லை_பிரதர்:

மேடம், மரியாதையோடு கேட்கிறேன், அந்தக் காகிதத்தால் யாருக்குச் சம்பளம் ஏறியது? நான் 200 படுக்கைக்கு மேல் இருக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். கமிட்டி சொன்னதில் பாதிகூட என் கைக்கு வரவில்லை. அது பரிந்துரை. மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. மாநிலம் சட்டமாக்கினால்தான் உயிர்.

கேரளாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2011ல் யுஎன்ஏ (யுனைடெட் நர்ஸஸ் அசோசியேஷன்) என்ற நர்ஸ் சங்கத்தைத் தொடங்கினார்கள். தனியார் மருத்துவமனைகளில் இத்தனை வருஷம் வேலையை விட மாட்டேன் என்று பாண்டு எழுதி வாங்கிக்கொண்டு சர்டிஃபிகேட்டைப் பிடித்து வைத்த காலம் அது. ஒவ்வொரு மருத்துவமனையாகப் போராடினார்கள். சேர்த்தலாவில் ஒரு மருத்துவமனை வாசலில் 240 நாளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். 2018 ஏப்ரல் 24 அன்று அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு நடைப்பயணம் கிளம்புவதாக அறிவித்தார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி அரசு குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையை வெளியிட்டது, அடிப்படைச் சம்பளம் 20,000. அதே கமிட்டிப் பரிந்துரைதான் மேடம், அங்கே உயிர் பெற்றது, இங்கே ஃபைலில் இருக்கிறது. வித்தியாசம் தெருவில் நின்ற ஆட்கள்.

2012ல் சென்னையிலும் பெரிய தனியார் மருத்துவமனைகளில் நர்ஸ்கள் வேலையை நிறுத்தினார்கள். பாண்டு, சர்டிஃபிகேட், சம்பளம் என்று அதே கோரிக்கைகள். நிறையப் பேர் மலையாளப் பிள்ளைகள், ஆனால் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். சில இடங்களில் சம்பளம் ஏறியது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க இங்கே ஒரு அமைப்பு வளரவில்லை. இரண்டு வருஷத்தில் ஆட்கள் கல்ஃபுக்குப் போய்விட்டார்கள், புதுசாக வந்தவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. என் கோபமெல்லாம் அதில்தான்.

ஐசியு_நைட்:

நான் வேறு மாதிரி சொல்கிறேன், யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். சேருவதற்கு முன்னால் அந்த அமைப்பைக் கேள்வி கேட்க வேண்டும். நாமெல்லாம் ஒரு ஆம்பூல் எடுத்தால்கூட எக்ஸ்பைரி பார்க்கிறோம், சங்கத்துக்குப் பணம் கட்டும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

எனக்குத் தெரிந்து ஒரு மாவட்டத்தில் நர்ஸ்களிடம் வருஷா வருஷம் சந்தா வாங்கினார்கள். மே 12 செவிலியர் தினம் வந்தால் மண்டபம், மாலை, சால்வை, பிரியாணி. கணக்கு கேட்ட சிஸ்டரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பொறுப்பில் இருந்தவர் பத்து வருஷமாக ஒரே ஆள், அவர் வார்டில் வேலை பார்த்தே வெகுநாள் ஆகிறது. இன்னொரு இடத்தில் சங்கம் என்று சொல்லிக்கொண்டு கடைசியில் ஒரு கட்சியின் கூட்டத்துக்கு ஆள் திரட்டினார்கள்.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். பதிவு எண் இருக்கிறதா, காட்டச் சொல். கடைசியாகத் தேர்தல் எப்போது நடந்தது? வரவு செலவு ஆடிட் செய்து உறுப்பினருக்குக் கொடுக்கிறார்களா? பணம் அமைப்பின் பெயரில் இருக்கும் பேங்க் கணக்குக்குப் போகிறதா, ஒருவருடைய ஜிபேவுக்குப் போகிறதா? போன வருஷம் யாருக்காவது டொமெஸ்டிக் என்கொயரி (நிர்வாகத்தின் உள் விசாரணை) வந்தபோது கூடப் போய் உட்கார்ந்தார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் நான் நாளைக்கே சேருவேன். மேடையில் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், என்கொயரி ரூமுக்குக் கூட வருகிறவர்கள்தான் தேவை.

கோவை_சர்ஜிகல்வார்டு:

ஐசியு அக்கா, என்கொயரி பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. எங்கள் இடத்தில் ஒரு மருந்துப் பிழைக்காக ஒரு ஸ்டாஃபைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். உள்ளே எச்ஆர், குவாலிட்டி, நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் எல்லாரும் இருந்தார்கள், அவள் மட்டும் தனியாக. அன்றைக்கு வார்டில் எத்தனை பேஷன்ட், எத்தனை ஸ்டாஃப் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையாம். அவர்கள் எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அழுதாள்.

நெல்லை அண்ணா, வாட்ஸ்அப்பில் தொடங்குவதாகச் சொல்லும் அந்தத் தொழிற்சங்கம் சட்டப்படி செல்லுமா? எத்தனை பேர் வேண்டும்? நாங்கள் டிரஸ்ட் நடத்தும் மருத்துவமனை, அதனால் சங்கமே வைக்க முடியாது என்று எச்ஆர் ஒரு மீட்டிங்கில் சொன்னார்கள்.

லேபர்கேஸ்_வக்கீல்:

என் அம்மா நர்ஸ், நான் தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறேன், அதனால் இந்தப் பேச்சில் நுழைகிறேன்.

முதலில் மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள் சிஸ்டர். தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு செய்கிறீர்களே, அது 1926ஆம் வருஷச் சட்டத்தில் வந்தது, கட்டாயம். அது நோயாளிகளைக் காப்பதற்கு இருக்கிறது, உங்களுக்காக வாதாடுவது அதன் வேலை இல்லை. நிறையப் பேர் கவுன்சிலுக்குப் பணம் கட்டிவிட்டு "எனக்கு ஏன் உதவவில்லை" என்று கேட்பதைப் பார்க்கிறேன். டிஎன்ஏஐ போன்றது தொழில்முறைச் சங்கம், சொசைட்டி சட்டத்தில் பதிவானது. மாநாடு, பயிற்சி, ஜர்னல், அரசுக்கு மனு, பொதுநல வழக்கு எல்லாம் செய்யும். ஆனால் உங்கள் மருத்துவமனை நிர்வாகத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போடும் அதிகாரம் அதற்கு இல்லை. அந்த அதிகாரம் தொழிற்சங்கத்துக்குத்தான்.

தொழிற்சங்கம் பதிவு செய்ய 7 பேர் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த நிறுவனத்தில் 10 சதவீதம் தொழிலாளர்கள் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அவ்வளவு பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது, அதிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. நிர்வாகத்தோடு பேசும் ஒரே சங்கம் என்ற அங்கீகாரம் வேண்டுமானால் 51 சதவீதம் பேர் உங்கள் பக்கம் இருக்க வேண்டும். வேலைநிறுத்தம் என்றால் 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம்.

டிரஸ்ட் விஷயத்தில் எச்ஆர் சொன்னது பாதி. 1978ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்சநீதிமன்றம் மருத்துவமனையும் 'தொழில்'தான் என்றது. புதிய சட்டம் தர்ம, சமூக சேவை அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை அந்த வரையறையிலிருந்து விலக்குகிறது. அமைப்பு முழுமையாகவோ பெரும்பகுதியோ அந்தச் சேவையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கார்ப்பரேட் கட்டணம் வாங்கிக்கொண்டு பெயரில் மட்டும் டிரஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்துமா என்பது வழக்கில் மோத வேண்டிய விஷயம். ஆனால் சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சாசனம் 19(1)(சி)யில் வருகிறது, அதை எச்ஆர் ஒரு மீட்டிங்கில் ரத்து செய்ய முடியாது.

இன்சார்ஜ் சிஸ்டர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 18,000க்கு மேல் வாங்கினால் நீ 'தொழிலாளி' இல்லை என்று நிர்வாகம் வாதாடும். பதவியின் பெயரைப் பார்க்கக் கூடாது, முக்கியமாக என்ன வேலை பார்க்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது. இன்சார்ஜாக இருந்தாலும் நாள் பூரா மருந்து கொடுத்து டிரெஸ்ஸிங் செய்கிறவரைச் சும்மா சூப்பர்வைசர் என்று தள்ளிவிட முடியாது. டூட்டி ரோஸ்டர் நகல்களைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு அனுப்புவது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதை நிரூபிக்க வருஷக்கணக்காகும் என்பதும் உண்மை. நான் உங்களுக்குப் பொய்யான தைரியம் கொடுக்க மாட்டேன்.

லீட்ஸ்_தமிழ்செவிலி:

நான் இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் இருக்கிறேன், சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். இங்கே வந்த முதல் வாரத்திலேயே கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டது "ஆர்சிஎன்னா, யூனிசனா?" என்றுதான், இரண்டும் இங்கே நர்ஸ்கள் சேரும் சங்கங்கள். சேருவாயா மாட்டாயா என்று யாரும் கேட்கவில்லை, எதில் என்றுதான் கேட்டார்கள். நர்ஸ்களுக்கு மேலதிகாரியான மேட்ரனும் அதே சங்கத்தில் உறுப்பினராக இருப்பார். அது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

ஆர்சிஎன் (ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்) 1916ல் தொடங்கியது. அது தொழில்முறைச் சங்கமாகவும் தொழிற்சங்கமாகவும் ஒன்றாகவே இருக்கிறது, அதனால் வக்கீல் சார் சொன்ன பிரிவு இங்கே ஒரே கூரைக்குள் வந்துவிடுகிறது. ஒழுங்கு நடவடிக்கை விசாரணை என்றால் சங்கப் பிரதிநிதியையோ சக ஊழியரையோ கூட்டிக்கொண்டு போவது சட்டப்படியான உரிமை. கோவைத் தங்கச்சி சொன்ன மாதிரித் தனியாக உட்கார வைத்துக் கையெழுத்து வாங்க முடியாது. நான் சந்தா கட்டுவதற்கு முதல் காரணம் அதுதான்.

ஆனால் உறுப்பினர் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். 2022 டிசம்பர் 15, 20 தேதிகளில் ஆர்சிஎன் வேலைநிறுத்தம் செய்தது, அவ்வளவு பெரியது அதற்கு முன் நடந்ததில்லை. பனியில் நின்றோம், பஸ் டிரைவர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். 2023 ஏப்ரலில் அரசு கொடுத்த சம்பள உயர்வை 54 சதவீதம் பேர் வேண்டாம் என்றோம். சரி, தொடர்ந்து போராடலாம் என்று மறுபடி வாக்கெடுப்பு வைத்தார்கள். வாக்குப் போட்டவர்களில் 84 சதவீதம் போராட்டத்துக்கு ஆதரவு. ஆனால் போட்டவர்களே 43 சதவீதம்தான். இங்கே 50 சதவீதம் பேர் வாக்களித்தால்தான் செல்லும் என்று 2016 சட்டம். வாக்குச்சீட்டு தபாலில் வரும், நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. பாதிப் பேருக்கு மேல் அதைச் செய்யவில்லை. இங்கிலாந்தில் போராட்டம் அதோடு நின்றுபோனது. சந்தா கட்டிவிட்டு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்தால் இப்படித்தான் ஆகும். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

சர்டிஃபிகேட் பயம் பற்றி ஒன்று. வெளிநாட்டு வேலைக்குச் சரிபார்ப்பு இரண்டு பக்கமிருந்து வரும். உன் பதிவு சரியாக இருக்கிறது என்று சொல்வது கவுன்சில், உன் மருத்துவமனைக்கு அதில் பங்கு இல்லை. வேலை அனுபவத்தைச் சொல்வதுதான் மருத்துவமனை. அதனால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பே ஸ்லிப், பிஎஃப் பதிவு எல்லாவற்றையும் இப்போதே நகல் எடுத்து வை. நாளைக்கு அவர்கள் கடிதம் கொடுக்க இழுத்தடித்தாலும் நீ அங்கே வேலை பார்த்தாய் என்பதற்கு ஆதாரம் உன்னிடம் இருக்கும்.

ஓய்வுபெற்ற_சூப்பரின்டெண்டென்ட்:

நெல்லைத் தம்பிக்கு. உன் கோபம் எனக்குப் புரிகிறது, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் என்பதால் இன்னும் நன்றாகவே புரிகிறது. ஆனால் வேலைநிறுத்தம் என்று சொல்லும்போது வென்டிலேட்டரில் இருப்பவரை யார் பார்ப்பது என்கிற கேள்வி எனக்கு எப்போதும் முதலில் வரும். அரசுப் பக்கம் இருப்பவர்களுக்கு 2003 ஞாபகம் இருக்கும். வேலைநிறுத்தம் செய்ததற்காக ஒரே உத்தரவில் சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களை வேலையை விட்டு நீக்கினார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் போனது, பெரும்பாலானவர்களை மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு சேர்த்தார்கள், ஆனால் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று தீர்ப்பு வந்துவிட்டது. வீட்டில் ஒரே சம்பளம் என்று இருந்த பிள்ளைகள் அந்த நாட்களில் எப்படித் தவித்தார்கள் என்று பார்த்தவள் நான். இளம் பிள்ளைகளை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்கிறவர்களைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

நெல்லை_பிரதர்:

மேடம், எமர்ஜென்சியையும் ஐசியுவையும் விட்டுவிட்டு யாரும் போராடச் சொல்லவில்லை. கேரளாவிலும் சரி, லீட்ஸ் அக்கா சொன்ன இடத்திலும் சரி, அவசரப் பிரிவுக்கு ஆள் வைத்துவிட்டுத்தான் நின்றார்கள். நீங்கள் கேட்கும் கேள்வியை நான் திருப்பிக் கேட்கிறேன். வேலைநிறுத்தம் நடக்காத சாதாரண ராத்திரியில், முப்பது பேருக்கு இரண்டு நர்ஸ் இருக்கும்போது, அந்த நோயாளிகளை யார் பார்க்கிறார்கள்? மத்திய அரசின் ஸ்டாஃப் இன்ஸ்பெக்‌ஷன் யூனிட் கணக்கே ஒரு ஷிஃப்டில் ஜெனரல் வார்டில் 6 பேருக்கு 1 நர்ஸ், ஐசியுவில் 1க்கு 1. அதன்படி பார்த்தால் கோவைச் சிஸ்டர் வார்டில் ஐந்து பேர் இருக்க வேண்டும். மூன்று பேர் செய்ய வேண்டிய வேலை தினமும் ராத்திரி செய்யப்படாமலே போகிறது. நோயாளியைக் கைவிடுவது என்றால் இதுதான், தினமும் நடக்கிறது, யாரும் கேட்பதில்லை.

ஆனால் முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பவர்கள் பற்றிச் சொன்னீர்களே, அதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படிப்பட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

மதுரை_எம்ஆர்பி_அக்கா:

இரண்டு பேரும் சண்டை போட வேண்டாம், இரண்டு பேர் சொல்வதும் எங்களுக்கு வேண்டும். வேறொன்று சொல்ல வந்தேன்.

2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் அந்த டாக்டர் பிள்ளைக்கு நடந்த கொடுமைக்கு அப்புறம் மருத்துவமனைப் பாதுகாப்புக்காக உச்சநீதிமன்றம் ஒரு தேசியப் பணிக்குழு அமைத்தது. அதில் உறுப்பினராகப் பெயர் அறிவித்த மருத்துவத் துறை நிபுணர்கள் எல்லாருமே டாக்டர்கள். ராத்திரி முழுக்க வார்டில் இருப்பவர்கள், நோயாளியின் உறவினர் குடித்துவிட்டு வந்து கத்தும்போது முதலில் எதிரில் நிற்பவர்கள், நாம். நம்மில் ஒருவருக்குக்கூட அந்தப் பட்டியலில் இடம் இல்லை. இத்தனை லட்சம் பேர் இருந்தும் நம் ஞாபகம் வராததற்குக் காரணம், டாக்டர்களுக்கு இருப்பது மாதிரி ஒரே குரலாகப் பேசும் அமைப்பு நமக்கு இல்லை. நாம் மாவட்டத்துக்கு ஒன்றாக, பேட்ச்சுக்கு ஒன்றாகப் பிரிந்து கிடக்கிறோம். 2015 பேட்ச் தனி, கோவிட் பேட்ச் தனி, நிரந்தரம் தனி, தனியார் தனி. கோவிட் நேரத்தில் எடுத்த தொகுப்பூதியப் பிள்ளைகளை 2022 டிசம்பர் 31 அன்று வேலையை விட்டு அனுப்பியபோது நிரந்தரமாக இருந்தவர்கள் எத்தனை பேர் கூட வந்து நின்றார்கள்?

தங்கச்சி, தமிழ்நாட்டில் 2008லேயே மருத்துவமனை வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நர்ஸும் அதில் வருகிறாள், தனியாரும் வருகிறது. மூன்று வருஷம் முதல் பத்து வருஷம் வரை தண்டனை, ஜாமீனில் விட முடியாத குற்றம். இதை உன் வார்டில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பார். பாலியல் தொல்லை என்றால் 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் எங்களுக்கு எந்த மேனேஜ்மென்ட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை, சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டோம்.

ஐசியு_நைட்:

சேருவதும் சேராததும் ஒரு பக்கம். இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது.

என்ஏபிஎச் (மருத்துவமனைத் தரச் சான்று) அங்கீகாரம் இருக்கும் மருத்துவமனை என்றால் இன்சிடென்ட் ரிப்போர்ட் முறை இருந்தே ஆக வேண்டும். நாம் அதைத் தண்டனைப் படிவமாக நினைத்துத் தொடுவதில்லை. ஆள் குறைவாக இருந்து மருந்து தாமதமானால், ஒருவர் படுக்கையிலிருந்து விழப் போய்த் தப்பித்தால், அதை நாமே எழுத வேண்டும். எங்கள் ஐசியுவில் கொஞ்ச நாள் எல்லா ஷிஃப்டும் சேர்ந்து எழுதினோம். ஒருத்தி மட்டும் எழுதினால் அவள் பெயர் கெடும், எல்லாரும் எழுதினால் யார் மேல் கை வைப்பார்கள்? குவாலிட்டி டிபார்ட்மென்ட்டே நர்சிங் ஆபீஸைக் கேள்வி கேட்டது. நைட்டுக்கு ஒரு ஆளைக் கூட்டினார்கள். சங்கம் எதுவும் இல்லாமல் நடந்ததுதான், ஆனால் அது ஒரு யூனிட்டில் மட்டும் நடந்தது, எதிர் பில்டிங்கில் இன்னும் பழைய கதை. அதற்குத்தான் அமைப்பு வேண்டும் என்று நானும் நினைக்கிறேன்.

லேபர்கேஸ்_வக்கீல்:

ஐசியு சிஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். புதிய சட்டப்படி 20 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் குறைதீர்க் குழு இருக்க வேண்டும், நிர்வாகத்தின் ஆட்களும் தொழிலாளர்களின் ஆட்களும் சம எண்ணிக்கையில், பெண்களுக்கு அவர்கள் இருக்கும் விகிதத்துக்குக் குறையாமல் இடம். நர்ஸ்களே அதிகம் இருக்கும் இடத்தில் இதன் பலம் உங்களுக்குப் புரியும். சங்கம் பதிவு ஆவதற்கு முன்னாலேயே "இந்தக் குழு நம் மருத்துவமனையில் இருக்கிறதா, உறுப்பினர்கள் யார்" என்று எழுத்தில் கேட்கலாம். அது போராட்டம் இல்லை, தகவல் கேட்பது. முடிந்தவரை நிறையக் கையெழுத்தோடு கேளுங்கள்.

கோவை_சர்ஜிகல்வார்டு:

எல்லாருக்கும் நன்றி. வீட்டுக்காரரிடமும் இதைப் படிக்கக் கொடுத்தேன். சர்டிஃபிகேட் பற்றி லீட்ஸ் அக்கா சொன்னதைப் படித்ததும் அவர் கொஞ்சம் இறங்கி வந்தார், பே ஸ்லிப் எல்லாம் அவரே பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தார்.

டிஎன்ஏஐ படிவத்தை நிரப்பப் போகிறேன். அது வார்டில் ஆள் கூட்டித் தராது என்று தெரிந்தேதான். சம்பள வழக்கை அத்தனை வருஷம் நடத்தியவர்களோடு என் பெயரும் இருக்கட்டும், கோயம்புத்தூரில் கூட்டம் நடந்தால் போய்த் தனியார் நர்ஸ்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று உள்ளே இருந்தே கேட்கலாம். வாட்ஸ்அப் சங்கத்துக்கு ஐசியு அக்காவின் கேள்விகளை அப்படியே அனுப்பினேன். பதிவு இன்னும் ஆகவில்லை, பணம் இப்போதைக்கு ஒருவருடைய கணக்குக்குத்தான் போகிறது என்றார்கள். பதிவு ஆகட்டும், பேங்க் கணக்கு தொடங்கட்டும், அன்றைக்குச் சேர்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர்களும் கோபப்படவில்லை, நியாயம்தான் என்றார்கள்.

எங்கள் ஃப்ளோரில் மூன்று வார்டும் சேர்ந்து நைட் ஸ்டாஃப் பற்றி ஒரு கடிதம் எழுதலாம் என்று பேசியிருக்கிறோம். இன்சார்ஜ் மேடம் கையெழுத்துப் போட மாட்டேன், ஆனால் தடுக்கவும் மாட்டேன் என்றார். அதில் என்னென்ன எழுதலாம், எதை எழுதக் கூடாது?

ஐசியு_நைட்:

நோயாளியின் பெயர், ஐபி நம்பர், படுக்கை எண் எதுவும் வரவே கூடாது. போட்டோவும் கூடாது. தேதி, ஷிஃப்ட், அன்றைக்கு இருந்த நோயாளிகள் எண்ணிக்கை, அதில் ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள் எத்தனை, டூட்டியில் இருந்த ஸ்டாஃப் எத்தனை, ஐசியுவுக்கோ ஸ்கேனுக்கோ கூடப் போன நேரம் எவ்வளவு, அந்த நேரத்தில் வார்டில் மிச்சம் எத்தனை பேர். இரண்டு வாரத்துக்கு இதை மட்டும் எழுது. யாரையும் குறை சொல்லும் வரி ஒன்றுகூட வேண்டாம், டாக்டரையும் வேண்டாம், இன்சார்ஜையும் வேண்டாம். கேட்பது என்ன என்று தெளிவாக இருக்கட்டும்: நைட்டுக்கு வார்டுக்கு ஒரு ஆள் கூடுதல், மூன்று வார்டுக்கும் பொதுவாக ஷிஃப்டிங்குக்கு (நோயாளியை வேறு இடத்துக்கு மாற்றுவதற்கு) ஒரு ஆள். பதில் எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று போடு. கையெழுத்தை வட்டமாக வாங்கு, முதல் பெயர் யாருடையது என்று யாரும் சொல்ல முடியாதபடி. நகலில் நர்சிங் ஆபீஸ் சீல் வாங்கு, சீல் போட மறுத்தால் அதே கடிதத்தை மெயிலில் அனுப்பிவிடு.